காய்ந்ததுபோல் இருந்த அச்சும் ஆறியதுபோல் இருந்த உலோகமும்: வகுப்பறை வார்ப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஊற்றி முடித்து மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. அச்சின் வாயிலிருந்து ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். கடுகளவு உலோகத் துளிகள் நான்கைந்து மேலே எழும்பி மணல் தட்டில் விழுந்தன. ஒன்று மட்டும் ஊற்றிய மாணவனின் முகத்தடுப்பில் பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு நேராக, ஒரு சாண் தூரம்கூட இல்லை. அவன் பயப்படவில்லை. “சார், பொரியுது” என்றான். பயந்தது நான்தான்.

இரண்டாவது சம்பவம் ஒரு வாரம் கழித்து. அதில் சத்தமே இல்லை. ஒரு மாணவி வார்த்து முடித்த வில்லையைக் கையில் வாங்கினாள், உடனே கீழே போட்டாள். கட்டைவிரல் நுனியில் மிளகளவு கொப்புளம். வில்லையை அவளிடம் எடுத்துக் கொடுத்தவன் நான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 24 பேருக்கு ஆறு வகுப்புகளாக நடத்திய வார்ப்புப் பயிற்சியின் பதிவு இது. பயிற்சி தொடங்குமுன் அபாயப் பட்டியல் ஒன்று தயாரித்துக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். உருகிய உலோகம் சிந்துவது, புகை, தீ, மின்சாரம் என்று 14 வரி. நடந்த இரண்டுமே அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதை உருக்குவது

நான் சில ஆண்டுகள் ஃபவுண்டரியில் வேலை பார்த்துவிட்டு ஆசிரியரானவன். இது பயிற்சிக்குப் பலமாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கே பலவீனமாக இருந்தது என்பது பின்னால் வரும்.

மாணவர்கள் கேட்டது அலுமினியம். காலி கேன்களைச் சின்ன உலையில் போட்டு உருக்கும் வீடியோக்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். ஊற்றுவதற்கு 700-ஐத் தாண்ட வேண்டும். வகுப்பறைக்கு அது வேண்டாம் என்று சொல்ல அதிக யோசனை தேவைப்படவில்லை. கேன்களின் பெயின்டும் உட்பூச்சும் எரிந்து வரும் புகை தனிக் கதை.

அடுத்து காரீயம். 327 டிகிரியில் உருகும், எளிதாகக் கிடைக்கும், அழகாக ஓடும். பழைய தலைமுறை ஆசிரியர்கள் சிலர் இன்றும் “நாங்களெல்லாம் அதில்தான் கற்றோம்” என்பார்கள். கற்றார்கள், சரி. அந்த வெப்பத்தில் காரீய ஆவி பெரிதாக எழாது என்பதும் உண்மைதான். ஆனால் உருகிய காரீயத்தின் மேல் படியும் சாம்பல் நிற ஆடையை வழித்துப் போடும்போது அது தூளாகிறது. தூள் கையில் ஒட்டுகிறது, கை வாய்க்குப் போகிறது. உடலில் காரீயம் இவ்வளவு சேர்ந்தால் பாதகமில்லை என்று சொல்ல எந்த அளவும் தெரியவரவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வளரும் பிள்ளைகளின் மூளை விஷயத்தில் இதற்குமேல் விவாதம் எதற்கு?

வெந்நீரிலேயே உருகும் உலோகம் என்று வுட்ஸ் மெட்டலைச் சிலர் பரிந்துரைப்பார்கள். 70 டிகிரியில் உருகுவதால் பாதுகாப்பு என்று தோன்றும். அதில் பாதி பிஸ்மத், கால்வாசிக்குச் சற்று மேல் காரீயம், மீதியில் வெள்ளீயம், 10 சதவீதம் காட்மியம் என்ற நச்சு உலோகம். உருகுநிலை குறைவு என்பதும் பாதுகாப்பு என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று, காரீயம் கலக்காத பியூட்டர்: பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும். ஊற்ற ஏறத்தாழ 300 டிகிரி வேண்டும். இன்னொன்று, 58 சதவீதம் பிஸ்மத்தும் 42 சதவீதம் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. அது 138 டிகிரியில் உருகும். 170-இல் தாராளமாக ஓடும். இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு குறையும் உண்டு: நொறுங்கும். பிறகு இரண்டு மாணவர்களின் வில்லைகள் கீழே விழுந்து உடைந்தன. “இரும்பு மாதிரி இருக்கும்னு நெனச்சேன் சார்” என்று ஒருவன் வருத்தப்பட்டான். ஆனால் பிஸ்மத்திடம் ஒரு விசித்திரம் இருக்கிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது விரிவதுபோல், அதுவும் உறையும்போது விரியும். பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்குபவை. பிஸ்மத் கலந்திருப்பதால் இந்தக் கலவை மற்றவைபோல் உள்வாங்காமல், அச்சில் கீறிய கோடு எழுத்தெல்லாம் கூர்மையாக வரும்.

இந்தக் கலவையைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரு மாணவன் வீட்டிலிருந்து பழைய சாலிடர் கம்பிச் சுருளைக் கொண்டுவந்து, “இதையும் சேர்த்துப் போடலாமா?” என்றான். பழைய சாலிடரில் காரீயம் இருக்கும். அது பிஸ்மத்-வெள்ளீயக் கலவையில் விழுந்தால் மூன்றும் சேர்ந்து 96 டிகிரி வரை உறையாத ஒரு பகுதி உண்டாகும். வெளியே கெட்டியாகத் தெரியும் வார்ப்பின் உள்ளே திரவம் இருக்கும். சுருளை வாங்கித் தனி டப்பாவில் போட்டு மூடினேன். அன்றிலிருந்து ஒரு விதி: எதனால் ஆனது என்று தெரியாத உலோகம் எதுவும் கரண்டிக்குள் போகாது.

நெருப்பில்லாத முதல் வகுப்பு

முதல் வகுப்பில் அடுப்பையே ஏற்றவில்லை. சைக்கிள் பேரிங் குண்டுகளைக் கரண்டியில் நிரப்பி, ஒரு சின்ன மூடியின் அளவுள்ள வாய்க்குள் ஊற்றச் சொன்னேன். குண்டுகள் திரவம்போல் உருளும், கையை இழுக்கும் அளவுக்குக் கனமாகவும் இருக்கும். இந்தக் கனம் முக்கியம். பிள்ளைகளின் கை தண்ணீர் ஊற்றித்தான் பழகியிருக்கிறது. நம் கலவையோ தண்ணீரைப்போல் எட்டரை மடங்கு கனம். கரண்டியைச் சாய்த்ததும் எடை முழுவதும் முன்பக்கம் சரியும், மணிக்கட்டு திடுக்கிடும். அந்தத் திடுக்கிடல் குண்டுகளோடு நடந்து முடியட்டும் என்பதுதான் திட்டம். மேஜையில் விழுந்த ஒவ்வொரு குண்டும் ஒரு சொட்டு உருகிய உலோகம் என்று கணக்கு. கையுறை, முகத்தடுப்பு, ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒரு குண்டுகூடச் சிந்தாமல் தொடர்ந்து மூன்று முறை ஊற்றினால்தான் அடுத்த வகுப்பில் உலோகம். முதல் சுற்றில் தேறியவர்கள் இரண்டே பேர்.

அங்கேதான் இடது கைப் பிரச்சினையும் தெரிந்தது. வலது கை ஊற்றும்போது இடது கை தானாகவே நீண்டு அச்சைப் பிடிக்கப் போகிறது. அது யோசித்துச் செய்வதல்ல. டம்ளரில் தண்ணீர் ஊற்றும் எல்லோரும் செய்வதுதான். வாயால் சொல்லி இதை மாற்ற முடியவில்லை. கடைசியில், ஊற்றாத கை முதுகுக்குப் பின்னால் ஏப்ரன் முடிச்சைப் பிடித்திருக்க வேண்டும் என்று வைத்தோம். அருகில் நிற்கும் துணையாளின் வேலை, ஊற்றுவதற்கு முன் “இடது கை எங்கே?” என்று கேட்பது. இரண்டாவது நாளில் அது வகுப்பின் கேலி வாசகமாகிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தாலும் கேட்டார்கள். கேலியானால் மறக்காது, அதனால் நான் தடுக்கவில்லை.

உடை விஷயத்தில் ஒரு தடங்கல். விளையாட்டு வகுப்பு முடிந்து நேராக வந்தவர்கள் பாலியெஸ்டர் சட்டை போட்டிருந்தார்கள். செயற்கை நூல் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், ஆனால் ஒட்டாது. அவர்களுக்கு அன்று ஊற்றும் வேலை இல்லை, கோட்டுக்குப் பின்னால் நின்று குறிப்பெடுக்கும் வேலை. செருப்புக்கும் அதே சட்டம்தான். தோல் கையுறை கொஞ்சம் தளர்வாக இருப்பது நல்லது என்றதும் பலர் ஆச்சரியப்பட்டார்கள். ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால் ஒரே உதறலில் கழன்று விழ வேண்டும்.

மின்சார ஹாட் பிளேட், நீளக் கைப்பிடி உள்ள துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி, அச்சுகளை வைக்க மணல் நிரப்பிய இரும்புத் தட்டு. ஒரு தடவைக்கு 60 கிராம், அதற்குமேல் கிடையாது. மணலையும் முதல் நாளே வறுத்து ஆறவைத்திருந்தேன். ஈர மணலில் உலோகம் சிந்தினால் தட்டு வைத்ததற்கே அர்த்தமில்லை. உலோகம் வெறும் கான்கிரீட் தரையில் சிந்தினாலும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, தரைச் சில்லுகள் தெறிக்கலாம் என்பதால் வேலை முழுவதும் தட்டுக்கு மேலேதான். உட்கார்ந்து ஊற்றக் கூடாது. மடியில் சிந்தியதை உதற முடியாது.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தது. அதனால் வந்த அசட்டை எனக்குத்தான்.

330, 281, 237

மூன்றாம் வகுப்பில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகள். ஒவ்வொரு ஜோடியும் 200 கிராம் தூளில் 130 கிராம் தண்ணீர் கலந்து, மொத்தம் 330 கிராமாக ஊற்றி, களிமண் மாதிரியின்மேல் இரண்டு பாதி அச்சு செய்திருந்தது. மூன்று நாள் ஜன்னலோரம் காய்ந்தன, அப்புறம் 60 டிகிரி ஓவனில் நான்கு மணி நேரம். தொட்டால் உலர்ந்த சுண்ணாம்புக் கட்டிபோல் இருந்தன. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து “சரி, சரி” என்று தள்ளிவிட்டேன். ஏழாவது அச்சுதான் பொரிந்தது.

அன்று அதற்குமேல் ஊற்றவில்லை. ஹாட் பிளேட்டை அணைத்துவிட்டு, ஆறிய அச்சைப் பிரித்து உலோகத்தை எடுத்துவிட்டு, தராசில் வைத்தோம். 281 கிராம்.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கரும்பலகையில் போட்டுப் பார்த்த அரை மணி நேரம்தான் அந்த ஆறு வகுப்புகளில் மிகச் சிறந்தது என்பேன். பிளாஸ்டர் தூள் என்பது முக்கால்வாசி நீர் போன ஜிப்சம். தண்ணீர் சேர்த்ததும் இழந்த நீரைத் திரும்பக் கட்டிக்கொண்டு கல்லாகிறது. அதற்கு 100 கிராம் தூளுக்குத் தேவைப்படும் தண்ணீர் 18.6 கிராம் மட்டுமே. மற்றதெல்லாம் கலவை குழைவாக ஓடுவதற்காக நாம் கூடுதலாக ஊற்றுவது. எங்கள் கணக்கில் 200 கிராம் தூள் கட்டிக்கொள்வது 37 கிராம். மீதி 93 கிராம் தண்ணீர் கல்லின் நுண்துளைகளில் சும்மா உட்கார்ந்திருக்கும். அது முழுவதும் வெளியேறினால் அச்சின் எடை 237 கிராம். எங்கள் அச்சு 281. அதாவது 44 கிராம், கிட்டத்தட்ட மூன்று மேஜைக் கரண்டித் தண்ணீர், ‘காய்ந்த’ அச்சுக்குள் இருந்தது. மேல் தோல் மட்டும் காய்ந்து, நடுப்பகுதி ஊறியபடியே இருந்திருக்கிறது. மற்ற அச்சுகளைவிட அது தடிமனாகவும் இருந்தது. களிமண் மாதிரி சாய்ந்துவிடக் கூடாதே என்று அந்த ஜோடி அடிப்பகுதியைக் கனமாக வைத்திருந்தார்கள்.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தை அடைக்கும். 44 கிராமும் ஒரே நொடியில் ஆவியாகிவிடாது. அதற்கு வேண்டிய வெப்பம் உலோகத்திடம் இருக்க வேண்டுமே. 60 கிராம் கலவை, அன்று 200 டிகிரியில் இருந்தது. (170 என்று வைத்த டயல் பொய் சொல்லியிருந்தது. அதையும் தெர்மோகப்பிளை, முனை தொட்ட இடத்தின் சூட்டைச் சொல்லும் கருவியை, வைத்துப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தோம்.) அது உறைந்து 100 டிகிரிக்கு இறங்குவதற்குள் தரும் வெப்பம் அத்தனையும் தண்ணீருக்கே போனாலும் ஒன்றரை கிராம் நீர்தான் ஆவியாகும். ஒன்றரை கிராம்தானே என்றால், அது இரண்டரை லிட்டர் ஆவி. அச்சின் உள்குழி 7 மில்லிலிட்டர். வெளியே போக இருந்த ஒரே வழி, இன்னும் உறையாத உலோகம் நிறைந்த வாய்.

முன்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான், “அலுமினியமா இருந்திருந்தா?” அதே குழியில் ஊற்றியிருந்தால் ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் என்று கணக்குப் போட்டோம். அதற்குப் பிறகு யாரும் அலுமினியம் கேட்கவில்லை. நான் முதல் நாள் பத்து நிமிடம் விளக்கியது சாதிக்காததை ஒரு பெருக்கல் சாதித்தது.

தொட்டுப் பார்ப்பதில் நம்பக்கூடிய முறை ஒன்று உண்டு. மண்பாண்டம் செய்பவர்களிடம் கற்றது. கன்னத்தில் வைத்துப் பார்த்து ஜில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சொல்லிக்கொடுத்தேன், ஆனால் அதை வைத்து முடிவெடுக்க இனி விடவில்லை. ஒவ்வொரு அச்சின் மேலும் பென்சிலால் மூன்று எண்கள்: ஈரமாக இருந்தபோது எடை, இலக்கு எடை, இன்றைய எடை. அச்சு எந்த அளவாக இருந்தாலும், 100-க்கு 65 என்று கலந்திருந்தால் இலக்கு எடை ஈர எடையில் 72 சதவீதம். அதைத் தொடாத அச்சு தட்டுக்கே வராது. சிலர் அச்சு காய ஏழெட்டு நாள் ஆனது. கால அட்டவணை குலைந்தது. குலையட்டும் என்று விட்டோம்.

கூடவே ஊற்றுவாயைக் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அகலமாக்கி, குழியின் எதிர் முனையில் காற்றுக்கு இரண்டு மெல்லிய வழிகளும் கீறினோம். இது எல்லா வார்ப்புப் பாடங்களிலும் இருப்பதுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டும். குழந்தைகள் கத்தியால் செதுக்குவதைக் குறைக்கலாம் என்று விட்டிருந்தேன். ஓர் ஆபத்தைத் தவிர்க்கப் போய் இன்னொன்றை உள்ளே விட்டிருக்கிறேன்.

துப்பாக்கி காட்டிய 41

ஐந்தாம் வகுப்பில் சிலிக்கோன் ரப்பர் அச்சுகள். பிளாஸ்டரால் பட்ட பாட்டுக்குப் பிறகு அவை பெரிய நிம்மதி. ரப்பர் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. டால்கம் பவுடரை மெல்லத் தூவித் தட்டிவிட்டால் உலோகம் மூலை முடுக்கெல்லாம் ஓடும். சூடு தாங்கும் வகை ரப்பரா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

அன்று அழகான வில்லைகள் வந்தன. எழுத்து பொறித்தவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி வந்தது. நான் வேண்டுமென்றே முன்கூட்டிச் சொல்லவில்லை. தன் பெயரின் முதல் எழுத்து திரும்பிப் பார்ப்பதைக் கண்டவர் ஆயுளுக்கும் அச்சு என்றால் என்ன என்று மறக்க மாட்டார்.

அந்த மாணவியின் வில்லை ஊற்றி ஆறு நிமிடம் ஆகியிருந்தது. அச்சிலிருந்து குறடால் எடுத்துத் தட்டில் வைத்தேன். பளபளவென்று வெள்ளி நிறம். அகச்சிவப்பு வெப்பமானியை, பிள்ளைகள் துப்பாக்கி என்று சொல்வதை, அதன்மேல் காட்டினேன். 41 டிகிரி. காய்ச்சல் உடம்பின் சூடுதானே என்று கையில் கொடுத்தேன்.

விரலைக் குழாய் நீரில் வைத்தோம். ஐந்து நிமிடத்தில் வலி போய்விட்டது என்றாள். சக ஆசிரியர் ஒருவர் களிம்பு எடுக்க ஓடினார், இன்னொருவர் ஐஸ் கொண்டுவந்தார். இரண்டையும் தடுத்து, ஓடும் குளிர்ந்த நீரில் முழுதாக 20 நிமிடம் வைத்திருக்கச் செய்தேன். தோலுக்கு அடியில் போன சூடு வலி நின்றதும் நின்றுவிடாது. ஐஸ் இன்னொரு காயம் செய்யும். களிம்பு பூசினால் மருத்துவர் துடைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கொப்புளத்தை உடைக்கவில்லை. ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் காட்டினோம், வீட்டுக்கு அன்றே நானே பேசினேன். ஒரு வாரத்தில் ஆறியது.

அவள் வில்லையோடு ஒரே நேரத்தில் ஊற்றிய இன்னொரு வில்லை அச்சுக்குள்ளேயே இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி தெர்மோகப்பிள் முனையை வைத்ததும் 108 என்றது. துப்பாக்கியைக் காட்டினால் அப்போதும் 41.

காரணம் பளபளப்பு. அந்தக் கருவி பொருளின் சூட்டை நேராக அளப்பதில்லை, அதிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து கணக்குப் போடுகிறது. மரம், தோல், பெயின்ட், பிளாஸ்டர் எல்லாம் தங்கள் சூட்டுக்கு ஏற்ற கதிரை ஏறக்குறைய முழுதாக வெளிவிடுபவை. பளபளப்பான உலோகம் பத்தில் ஒரு பங்குபோலத்தான் விடும். மீதிக்கு, கண்ணாடிபோல் அறையின் கதிரைத் திருப்பி அனுப்பும். நான் அளந்தது பெரும்பாலும் வகுப்பறையின் சூட்டை. உலோகம் ஆறுவதற்கு ரப்பரும் உதவவில்லை. அது வெப்பத்தை லேசில் விடாது. பிளாஸ்டர் அச்சில் ஆறு நிமிடத்தில் கிடைத்த குளிர்ச்சி இதில் கிடைக்கவில்லை.

என் ஃபவுண்டரிப் பழக்கத்தைப் பற்றி முதலில் சொன்னது இதற்குத்தான். அங்கே சூடான உலோகம் தானே சொல்லும், சிவக்கும். திடப்பொருள்கள் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரத் தொடங்குவது 525 டிகிரி வாக்கில். 138-இல் உறையும் உலோகம் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சிவக்காது. ஊற்றும்போதும் அதே வெள்ளி, விரலைச் சுடும்போதும் அதே வெள்ளி, மறுநாள் பையில் கிடக்கும்போதும் அதே வெள்ளி. திரவமாக ஓடும்போது மாணவர்கள் தள்ளி நின்றார்கள். ஓட்டம் நின்றதும் அவர்கள் கண்ணுக்கு அது பொம்மை. என் கண்ணுக்கும்தான். குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகத்தைப் பாதுகாப்புக்காகத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வு சரிதான், இப்போதும் அதையே செய்வேன். ஆனால் எச்சரிக்கும் நிறத்தையும் அது சேர்த்து எடுத்துவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

பயிற்சி நிற்குமோ என்ற நிலை. தலைமையாசிரியர் கேட்ட கேள்வி நியாயமானது: “நீங்களே ஏமாந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?” இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிக் கொடுத்தேன். ஒன்றில் காய்ந்ததுபோல் தெரிந்ததை நம்பினேன். இன்னொன்றில் ஆறியதுபோல் தெரிந்ததை நம்பினேன், அதுவும் ஒரு கருவி ஆமாம் என்றதால். உருகிய உலோகத்தைப் பார்த்து எல்லோரும் போதுமான அளவு பயந்திருந்தோம். ஊற்றும் கையிலிருந்து ஒரு சொட்டுகூடத் தவறாகப் போகவில்லை. ஒரு அச்சின் இணைப்பு கசிந்து உலோகம் வழிந்தபோதுகூட மணல் அதை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

மாற்றியவை

கடைசி வகுப்பு இரண்டு வாரம் தள்ளி நடந்தது. தட்டு ஒன்றாக இருந்தது மூன்றாகியது. சிவப்புத் தாள் ஒட்டிய முதல் தட்டில் அச்சிலிருந்து வந்த வில்லைகள். அதற்குள் போவது குறடு மட்டும். இரண்டாவது தட்டில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு துண்டு மாஸ்கிங் டேப். டேப்பின்மேல் காட்டினால் துப்பாக்கி ஓரளவு உண்மை பேசும். ஆனாலும் தெர்மோகப்பிள் முனையை வைத்து 40-க்குக் கீழே என்று பார்த்து, நேரத்தோடு எழுதிய பிறகுதான் மூன்றாவது தட்டு. கையால் தொடுவது அங்கே மட்டும்.

சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீரில் போடலாமே என்றார்கள். கெட்டியான உலோகத்தைத் தண்ணீரில் போடுவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து திரும்பி வரும் குறட்டில் இருக்கிறது. நுனியில் ஒரு சொட்டு நீரோடு அது மறுபடி கரண்டிக்குள் போனால், ஏழாவது அச்சின் கதைதான், இந்த முறை மூடியில்லாமல். அதனால் தண்ணீர் வாளி அறைக்குள் வரவில்லை. விரலுக்கான குழாய் கதவுக்கு வெளியே, பத்து எட்டு தூரத்தில். அதுவரை வழியில் பை எதுவும் கிடக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது.

காத்திருக்கும் நேரம் வீணாகவில்லை. கரண்டியில் மிஞ்சிய உலோகத்தில் தெர்மோகப்பிளை வைத்துப் பத்து விநாடிக்கு ஒருமுறை சூட்டைக் குறிக்கச் சொன்னேன். 170-இலிருந்து வரைகோடு சரசரவென்று இறங்கியது. 138 வந்ததும் படுத்துக்கொண்டது. “மெஷின் நின்னுபோச்சு சார்” என்றார்கள். நிற்கவில்லை. காற்று வெப்பத்தை எடுத்துக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் உறையும் உலோகம் அதே வேகத்தில் தன் உள்வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கடைசித் துளி உறைந்ததும் கோடு மறுபடி இறங்கியது. உள்ளுறை வெப்பம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுவா என்று ஒருத்தி கேட்டபோது, இந்த ஒரு கோட்டுக்காகவே ஆறு வகுப்பும் தகும் என்று எனக்குப் பட்டது. உறைந்த பிறகும் சூடு 138-தான் என்பதை அந்தக் கோடே எல்லோருக்கும் காட்டிவிட்டது. எச்சரிக்கைப் பலகை தேவைப்படவில்லை.

இன்னும் தீராதவை உண்டு. 24 பேருக்கு ஓர் ஆசிரியர் போதாது. ஊற்றும் இடத்தில் ஒருவர், தட்டுகளிடம் ஒருவர் என்று பெரியவர்கள் இருவராவது வேண்டும். கடைசி வகுப்பில் சக ஆசிரியர் வந்தார், ஒவ்வொரு முறையும் வருவார் என்று சொல்ல முடியாது. வகுப்பு முடிந்து கை கழுவாமல் ஓடுபவர்களை நிறுத்த இன்றுவரை வழி கிடைக்கவில்லை. கதவில் நின்று பிடிப்பதுதான்.

இரண்டாவது தட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவள் கொப்புளம் வாங்கிய மாணவி. மேஜைக்கு அந்தப் பக்கம் நோட்டோடு உட்கார்ந்துகொண்டாள். வகுப்பு முடியும் நேரத்தில் தலைமையாசிரியர் வந்து, பளபளவென்றிருந்த ஒரு வில்லையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“அது இன்னும் 63 சார்,” என்றாள், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. “உங்க இடது கையும் எங்கேன்னு பாத்துக்கோங்க.”